வலஞ்சுழி ஹெலிகாப்டர்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை நான் கெஞ்சித்தான் வாங்கினேன். மேட்டுப்பாளையம் ரோட்டில், காரமடைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எங்கள் பள்ளி. ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு அந்த நேரத்தில் நீதிபோதனை என்று போட்டிருந்தது. நீதிபோதனை டீச்சர் பிரசவ விடுப்பில் போய் இரண்டு மாதமாகியும் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை. அந்தச் சந்தில் நான் புகுந்துகொண்டேன். 'கைவேலை அறிவியல்' என்று ஒரு பெயர் வைத்து, பிரின்சிபாலிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

வகுப்புக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம். பழைய பேப்பர், பாட்டில் மூடி, மை தீர்ந்த பேனா, பஞ்சர் கடையில் எறிந்த டியூப், கிழிந்த பலூன். பிள்ளைகளே கொண்டுவருவார்கள், பிள்ளைகளே வெட்டி ஒட்டுவார்கள். உண்மையைச் சொன்னால் பாதி நாள் எதுவும் பறக்காது, எதுவும் ஓடாது. ஆனால் பெல் அடித்த பிறகும் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். பதினோரு வருடமாக வாத்தியார் வேலை பார்க்கிற எனக்கு, பெல் அடித்தும் எழாத பிள்ளைகளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அந்த முப்பத்தெட்டு பேரில் லோகப்பிரியா செய்வதுதான் எப்போதும் மோசமாகத் தோற்கும். பலூன் வண்டி செய்தால் அவளுடையது பின்னால் போகும். காற்றாடி செய்தால் அது சுற்றாமல் தலையை ஆட்டும். மற்ற பிள்ளைகள் தோற்றால் என்னிடம் ஓடிவந்து "சரி பண்ணிக் குடுங்க மிஸ்" என்பார்கள். இவள் வரவே மாட்டாள். தரையில் குப்புறப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு தலையை மட்டும் தூக்கி, "ஏனுங்க மிஸ், இது ஏன் இப்படிப் பண்ணுது?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பாதி நாள் என்னிடம் பதில் இருக்காது. அதை நான் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் தாளாளர் திருமூர்த்தி, சத்தம் கேட்டு உள்ளே வந்தார்.

திருமூர்த்திக்கு பம்ப்செட் கம்பெனி இருக்கிறது. சொந்தமாக பவுண்டரி, நானூறு பேர் வேலை, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி. பள்ளிக்கூடம் அவருக்கு ஒரு மன நிம்மதி. நல்ல மனுஷர். சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் "இதென்ன சத்தம்" என்று வகுப்பை நிறுத்தியிருப்பார், நானும் அவரை மனசுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். இவர் என்ன செய்தாரென்றால், ரைஹான் செய்த காகித ஹெலிகாப்டரை வாங்கி, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெஞ்சு மேல் ஏறி, அதை மேலிருந்து விட்டுப் பார்த்தார்.

ஒரு சாண் நீளக் காகிதம். மேல் பாதியை நடுவில் கிழித்து, ஒரு இறக்கையை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் மடித்து, அடியில் ஒரு பேப்பர் கிளிப் மாட்டியது. அவ்வளவுதான். அது சர்ரென்று சுற்றிக்கொண்டு இறங்கியது. திருமூர்த்தி கை தட்டினார். இரண்டாம் தடவையும் விட்டார். மூன்றாம் தடவை என்னைப் பார்த்தபோது, அவர் கண்ணில் எனக்குப் பிடிக்காத ஒரு வெளிச்சம் இருந்தது.

"மிஸ், அருமைங்க. இத்தன நாளா இத எனக்கு ஆருமே சொல்லலீங்களே?"

"சின்ன விஷயமுங்க சார்."

"சின்ன விஷயமுங்களா! இத இப்படியே உடக்கூடாதுங்க. ஒரு சிஸ்டம் போட்டரலாம்."

போட்டார்.

முதலில் பொருள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு அளவில் பாட்டில் கொண்டுவருவது அவருக்குச் சரியாகப் படவில்லை. கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவுக்கு மெயில் போனது. அடுத்த வாரம் ஒரு டெம்போவில் பதினாலு பெட்டி தண்ணீர் பாட்டில் வந்து இறங்கியது. எல்லாம் புதுசு, சீல் உடைக்காதது. வாட்ச்மேனும் ஆயாவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார்கள். மாசி மாதம், எங்கள் தெருவில் ஒன்பது நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர் வரும். ஊற்றி முடித்த காலி பாட்டில்கள் 'கழிவுப் பொருள்' என்று எழுதிய அறைக்குள் வரிசையாக அடுக்கப்பட்டன. பழைய பேப்பருக்கு ஏஜென்ட்டிடம் சொல்லிவைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அன்றைய பேப்பர் நாற்பது பிரதி, மடிப்புக் கலையாமல், மை வாசத்தோடு பழைய பேப்பராக வந்துவிடும்.

அடுத்து மயில்சாமி வந்தார்.

மயில்சாமி கம்பெனியில் தர ஆய்வாளர். கட்டம் போட்ட சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா, கையில் ஒரு கிளிப் அட்டை. முப்பது வருடம் வார்ப்படங்களைத் தட்டிப் பார்த்த கை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு பைக்கில் வந்து, "வணக்கமுங்க மிஸ்" என்று கடைசி பெஞ்சில் உட்காருவார். பிள்ளைகள் செய்து முடித்ததும் ஒவ்வொன்றாக வாங்கிச் சோதிப்பார். ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார். ஹெலிகாப்டரின் அளவெல்லாம் சரியா என்று வைத்துப் பார்க்க, பித்தளையில் ஒரு கேஜ், அதாவது அளவு அச்சு, செய்து கொண்டுவந்திருந்தார். காகிதத்துக்குப் பித்தளை கேஜ்! எடுத்துப் பார்த்தேன், பளபளப்பில் என் முகம் தெரிந்தது. சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, திருத்தலாம் என்றால் மஞ்சள், ஆகாது என்றால் சிவப்பு. சீட்டுக்கு நூல் கோத்திருந்தது.

ரைஹானின் ஹெலிகாப்டருக்கு முதல் பச்சை. அது 'மாஸ்டர் பீஸ்' ஆகிவிட்டது. கண்ணாடி டப்பாவுக்குள் வைத்துப் பூட்டினார்கள். தன் ஹெலிகாப்டரைத் திருப்பிக் கேட்டு ரைஹான் இரண்டு நாள் அழுதான்.

லோகப்பிரியாவின் முறை வந்தது. அவளுடைய ஹெலிகாப்டர் அழகாகத்தான் சுற்றியது, நேராகத்தான் இறங்கியது. ஆச்சரியம், முதல் தடவையாக அவள் செய்தது ஒன்று வேலை செய்தது. எனக்கு அவளைவிடச் சந்தோஷம். மயில்சாமி மறுபடியும் விட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ரிவர்ஸ் ரொட்டேஷனுங்க."

"என்னங்க?"

"இடப்பக்கமா சுத்துதுங்க மிஸ். மாஸ்டர் பீஸ் வலப்பக்கம். பம்புல இப்படிச் சுத்துச்சுன்னா தண்ணி பாதிதான் வரும். எப்படிச் சுத்தோணும்னு பம்பு மேலயே அம்புக்குறி போட்டு அனுப்புவமுங்க."

"இது பம்பு இல்லீங்களே."

"அது செரிதானுங்க. ஆனாலும்..." என்று சிவப்புச் சீட்டை எடுத்தார்.

லோகப்பிரியா அழவில்லை. "நானு வேணும்னே இறக்கைய மாத்தி மடிச்சனுங்க. மாத்தி மடிச்சா மாத்திச் சுத்துமான்னு பாக்க. சுத்துச்சுங்க!" என்றாள். அப்புறம் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, "இப்ப ரைஹானோடத மேல இருந்து உடச் சொல்லுங்க" என்றாள். டப்பாவைத் திறந்து மாஸ்டர் பீஸை விட்டார்கள். "பாருங்க, மேல இருந்து பாத்தா வலப்பக்கம், கீழ இருந்து பாத்தா இது இடப்பக்கம் சுத்துதுங்க. அப்ப இதுக்கும் செவப்புங்களா?"

மயில்சாமி தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, தானும் ஒருமுறை கீழிருந்து பார்த்தார். ஏதோ நடக்கப்போகிறது என்று நான் நம்பினேன். அவர் எழுந்து, பேனாவைத் திறந்து, படிவத்தின் ஓரத்தில் 'பார்வை: மேலிருந்து மட்டும்' என்று எழுதினார். அடுத்த வாரம் அந்தப் படிவம் திருத்திய பதிப்பாக அச்சாகி வந்தது. லோகப்பிரியாவின் சிவப்பு அப்படியே இருந்தது.

இரண்டாவது சிவப்பு பாட்டில் மூடி வண்டிக்கு. மூடியின் நடுவில் ஓட்டை போடச் சொல்லியிருந்தேன். இவள் ஓரத்தில் போட்டிருந்தாள். வண்டி தவளை மாதிரி குதிக்குமா என்று பார்க்க ஆசையாம். குதித்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, மயில்சாமியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே 'சக்கரத்தில் ஆட்டம் உள்ளது' என்று எழுதினார்.

அன்றைக்கு அவர் கிளம்பும்போது வராந்தாவில் பிடித்துக்கொண்டேன்.

"சார், உங்க பவுண்டரில ரிஜெக்ட் ஆச்சுன்னா தூக்கிப் போட்டுருவீங்களா?"

"அதெப்படிங்க? அறுத்துப் பாப்பமுங்க. வார்ப்புக்குள்ள எங்க காத்து புடிச்சுது, எங்க அச்சு மண்ணு உதிர்ந்துச்சுன்னு. ரிஜெக்ட்ட அறுத்துப் பாத்துத்தானுங்க நாங்க தொழிலே கத்துக்கிட்டோம்."

"அப்ப இந்தப் பிள்ளையோடதையும் அப்படிப் பாக்கலாமில்லீங்களா?"

அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். நிஜமாகவே வருத்தத்தோடுதான் சொன்னார். "அதுக்கு இதுல கட்டம் இல்லீங்களே மிஸ்."

சிவப்புக்கு ஒரு கணக்கும் வந்து சேர்ந்தது. மூன்று சிவப்பு வாங்கினால் அந்தப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை வகுப்பு கிடையாது. கணக்கு சிறப்பு வகுப்புக்குப் போய்விட வேண்டும். திருமூர்த்தி இதைத் தண்டனையாக நினைக்கவில்லை. "எல்லாருக்கும் எல்லாம் வராதுங்க மிஸ். எந்தப் பீஸு எந்த மிஷினுக்குன்னு பாத்துப் போடோணும்" என்றார்.

இதைச் சொல்லி வீடுகளுக்குச் சுற்றறிக்கை போன மறுநாளே லோகப்பிரியாவின் அம்மா வந்தார். அவர் வேறொரு பவுண்டரியில் மணல் அச்சு செய்யும் வேலை பார்ப்பவர். ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அவருக்குச் சிவப்புச் சீட்டை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எங்க கம்பெனில மூணு செவப்பு உழுந்தா ஆள மாத்திப்போடுவாங்க மிஸ். இவளுக்கு ரெண்டு உழுந்துருச்சுங்களாமா. ஊட்டுல ராத்திரியெல்லாம் பேப்பர வெட்டிக்கிட்டே இருக்கறா. இவளுக்குக் கை வராதுங்களா?"

"நல்லா வருமுங்க. அவளுக்கு மூளையும் வரும்."

"அப்பறம் ஏனுங்க செவப்பு?"

நான் என்ன சொல்வது? பம்பு வலப்பக்கம் சுற்ற வேண்டும் என்றா? "நான் பாத்துக்கறேனுங்க" என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அதைக் காப்பாற்றத்தான்.

அம்மா பின்னால் நின்ற லோகப்பிரியா, ஆட்டோ ஏறுவதற்கு முன் திரும்பி ஓடிவந்தாள். "மிஸ், வெள்ளிக்கிழம இருக்குதுன்னுதான் நானு ஸ்கூலுக்கே வாரேன். என்னய எடுத்துப்போடாதீங்க மிஸ்." சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

மூன்றாவது சோதனை சாதாரணமாக இருக்கப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. 'பூஜ்யக் குறைபாடு அறிவியல் தினம்' என்று திருமூர்த்தி ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார். பெற்றோர் வருவார்கள், டிரஸ்டிகள் வருவார்கள். முதல் மாடி வராந்தாவிலிருந்து முப்பத்தெட்டு ஹெலிகாப்டர்களும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். ஒன்றுகூட ஆகாது என்று வரக்கூடாது. ஏற்றுமதிக்காரர்கள் கண்டெய்னர் ஏற்றுகிற தீவிரத்தோடு ஏற்பாடு நடந்தது.

முந்தின நாள் வியாழக்கிழமை, பள்ளி விட்டதும் லோகப்பிரியாவை நிறுத்தி வைத்தேன். நாளைக்கு என்ன கொண்டுவரப் போகிறாய் என்று கேட்டேன். அவள் பையிலிருந்து எடுத்தாள். மூன்று இறக்கை.

"ஊட்டுல ஃபேனுக்கு மூணு இறக்க இருக்குதுங்களே மிஸ். இதுக்கு மட்டும் ஏன் ரெண்டு?"

மாடி வராந்தாவிலிருந்து விட்டோம். விட்ட உடனே தலைகுப்புற விழுந்தது. கீழே ஓடி எடுத்துவந்தாள். ஒரு இறக்கையைச் சின்னதாக்கி விட்டோம். சாய்ந்துகொண்டே போய் வேப்பமரத்தில் மாட்டியது. கிளிப்பை இரண்டாக்கினோம். கல்லு மாதிரி விழுந்தது. இறக்கைகளை மேலே நிமிர்த்தினோம், மட்டமாக்கினோம், நுனியை முறுக்கினோம். ஒன்பதாவது தடவை அரைச் சுற்று சுற்றிவிட்டுக் கவிழ்ந்தது. அரைச் சுற்று! இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம். வாட்ச்மேன் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் மிஸ் அதுக்கு மேல சுத்த மாட்டீங்குது?"

எனக்குத் தெரியாது. பி.எஸ்சி. இயற்பியல், பி.எட்., பதினோரு வருட அனுபவம். தெரியாது. அன்றைக்குத்தான் அதை வாய்விட்டுச் சொன்னேன்: "எனக்குத் தெரியல கண்ணு." அவள் முகத்தில் ஏமாற்றமே இல்லை. மிஸ்ஸுக்கே தெரியாத ஒன்று தன் கையில் இருக்கிறது என்று அவளுக்கு ஒரே பெருமை. பத்தாவது காகிதத்தை வெட்டத் தொடங்கிவிட்டாள்.

மணி ஐந்தேகால். பதினாலு தடவை விட்டாகிவிட்டது. நாளைக்கு இதுவும் முப்பத்தேழோடு சேர்ந்து இறங்கப்போகிறது. அத்தனை பேர் முன்னால் தலைகுப்புற விழப்போகிறது. மூன்றாவது சிவப்பு. எனக்குப் பயம் வந்துவிட்டது. அவளுக்காக என்றுதான் அப்போது நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் பாதி எனக்காகவும்தான். என் வகுப்பில் ஒரே ஒரு சிவப்பு, அதுவும் டிரஸ்டிகள் முன்னால்.

அலமாரியைத் திறந்து மயில்சாமியின் பித்தளை கேஜை எடுத்தேன். ஒரு புதுக் காகிதத்தின் மேல் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். இறக்கை இரண்டு, அகலம் இரண்டரை சென்டிமீட்டர், நீளம் எட்டு, கிழிசலும் எட்டு. கத்தரியை அவள் கையில் கொடுத்தேன். மடிக்கும்போது அவள் விரல் வேறு பக்கம் போனது. பிடித்து, வலப்பக்கம் சுற்றுகிற மாதிரி மடிக்க வைத்தேன்.

"இது ரைஹானோடது மாதிரியே இருக்குதுங்க மிஸ்."

"இருக்கட்டும். நாளைக்கு இதத்தான் கொண்டுவரணும்."

"மூணு இறக்க?"

"அத அப்பறமா பாத்துக்கலாம்."

அவள் மூன்று இறக்கைக் காகிதங்களையெல்லாம் பொறுக்கிப் பைக்குள் திணிக்கப் போனாள். பை நிறையப் புத்தகம் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குப்பைக்கூடையில் போட்டாள். நான் தடுக்கவில்லை, நேரமாகிவிட்டது.

மறுநாள் ஒரு குறையும் இல்லை. திடலில் பிளாஸ்டிக் நாற்காலி, ஃபிளெக்ஸ், கரும்புச்சாறு. திருமூர்த்தி விசில் ஊதினார். வராந்தாவிலிருந்து முப்பத்தெட்டு ஹெலிகாப்டர்களும் ஒன்றாகக் கிளம்பின, ஒரே பக்கமாகச் சுற்றின, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெற்றோர் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு அப்பா, தன் ஸ்பின்னிங் மில்லில்கூட இப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததில்லை என்றார். இன்னொரு அம்மா, ஒண்ணாம் வகுப்பிலிருந்தே இந்த சிஸ்டத்தைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். திருமூர்த்தி மைக்கைப் பிடித்தார். "ஒண்ணு கூட ரிஜெக்ட் இல்லீங்க! நம்ம கம்பெனில முப்பது வருஷமா என்னால பண்ண முடியாதத, இந்தக் குழந்தைங்க பண்ணிக் காட்டிப்போட்டாங்க!" அவர் கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை.

மயில்சாமி வரிசையாகப் பச்சைச் சீட்டு கட்டிக்கொண்டு வந்தார். லோகப்பிரியாவிடம் வந்ததும் நின்றார். அவள் ஹெலிகாப்டரைக் கையில் வாங்கி, கேஜை வைத்துப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை.

"ஏ அம்மணி, நீதான ரெண்டு செவப்பு வாங்குன புள்ள? எங்க தப்பாச்சுன்னு எப்படிக் கண்டுபுடிச்ச?"

"மிஸ் அளவு குடுத்தாங்க" என்றாள் அவள். மறைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

மயில்சாமி என்னைப் பார்த்தார். நான் ஃபிளெக்ஸைப் பார்த்தேன். முப்பது வருடம் வார்ப்படத்தை அறுத்துப் பார்த்த மனுஷர், பச்சையைக் கட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனார். பின்வரிசையில் லோகப்பிரியாவின் அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். நான் பாத்துக்கறேன் என்று சொன்னேன் அல்லவா, பார்த்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை உறிஞ்சுகுழல் வைத்து ராக்கெட். காகிதத்தை ஒரு குழாயாகச் சுருட்டி, ஒரு முனையை அடைத்து, உறிஞ்சுகுழலின் மேல் மாட்டி ஊதினால் பறக்கும். வால் எத்தனை வைக்கலாம், எவ்வளவு பெரிதாக வைக்கலாம் என்று நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அவரவர் இஷ்டம் என்றேன். மயில்சாமி அன்றைக்கு வரவில்லை, கம்பெனியில் ஆடிட். உள்ளுக்குள் எனக்கு விடுதலையாக இருந்தது. இன்றைக்கு யாரும் எதையும் கட்டப்போவதில்லை, போன வாரத்தை எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

பிள்ளைகள் காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினார்கள். லோகப்பிரியா எங்கே என்று தரையில் தேடினேன். தரையில் இல்லை. முதல் பெஞ்சில், ரைஹானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் காகிதம், சீவிய பென்சில், ஸ்கேல். எதுவும் வெட்டியிருக்கவில்லை. கை கட்டி, முதுகை நேராக வைத்து, நான் சொல்லப்போவதற்குக் காத்திருந்தாள்.

"ஏன் கண்ணு, ஆரம்பிக்கலயா?"

"வால் எத்தன சென்டிமீட்டர்ங்க மிஸ்?"

"நீயே வெச்சுப் பாரு. பெருசா வெச்சா என்ன ஆகும், சின்னதா வெச்சா என்ன ஆகும்னு."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பெரியவர்கள் ஏமாற்றும்போது பிள்ளைகள் பார்க்கிற பார்வை அது.

"தப்பாயிடுமுங்க மிஸ். அளவு சொல்லிருங்க."

நான் மறுபடியும் சொன்னேன். தப்பானால் பரவாயில்லை என்றேன், இன்றைக்குச் சீட்டே இல்லை என்றேன், வேண்டுமானால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வராந்தாவுக்குப் போகலாம் என்றேன். அவள் ஸ்கேலை எடுத்துக் காகிதத்தின் ஓரத்தில் சரியாக வைத்து, பென்சிலைப் பிடித்துக்கொண்டு, பொறுமையாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்றவர்களின் ராக்கெட்டுகள் பறக்க ஆரம்பித்திருந்தன. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. அவள் ஒரு கோடுகூடப் போடவில்லை, கண்ணில் தண்ணீர் கட்டத் தொடங்கியிருந்தது.

"நாலரை" என்றேன்.

"சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு, அவள் அளக்க ஆரம்பித்தாள்.